துணிச்சலுக்கு இங்கே பஞ்சமில்லை

வெளிநாட்டில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கி வாழப் பெரிய வருமானம் தேவையில்லை, துணிச்சல் இருந்தால் போதும் என்ற பேச்சு இப்போது எங்கே திரும்பினாலும் காதில் விழுகிறது. யூடியூபில் சொல்கிறார்கள். வார இதழ்களின் இளைஞர் பக்கங்களில் எழுதுகிறார்கள். கல்லூரி ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து முழங்குகிறார். வேலையை விடு, இருக்கிற சாமானை விற்றுவிட்டு ஒரு பையைத் தோளில் மாட்டிக் கிளம்பு, வியட்நாமிலும் தாய்லாந்திலும் சென்னையைவிடக் குறைந்த செலவில் குடித்தனம் நடத்தலாம், போகாதவர்கள் பயந்தவர்கள். இதுதான் சாரம்.

இதை மறுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தப் பேச்சு பெங்களூரு ஐ.டி. வளாகங்களோடு நிற்பதில்லை. மாதம் 20, 25 ஆயிரம் சம்பாதிக்கிற, வீட்டுக்கு மூத்த பிள்ளைகளாக இருக்கிற எங்கள் திண்டுக்கல் நாகல் நகர்ப் பையன்களின் கைப்பேசியிலும் இதுதான் ஓடுகிறது. குறைந்த வருமானக்காரர் ஒருவர் வெளிநாட்டில் நீண்ட நாள் வாழ வேண்டுமென்றால், போன இடத்தில் வேலை செய்து சம்பாதித்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. அந்த அனுமதியை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று நாடுகள் முடிவு செய்து வைத்திருக்கின்றன. நம் பாஸ்போர்ட்டுக்கு அது அரிதிலும் அரிதாகத்தான் கிடைக்கிறது. துணிச்சலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்த ஒன்றைப் பற்றி வாய் திறப்பதே இல்லை.

நாகல் நகர் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் ஒரு தம்பி என்னிடம் ஒரு தாளைக் காட்டினார். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்குப் பார்க்கிறார். சம்பளம் 22 ஆயிரம். அப்பா தறி நெய்து முதுகு போனவர். தாளில் ஹனோய் நகரத்துச் செலவுக் கணக்கு: அறை வாடகை, சாப்பாடு, வாடகை பைக், போன் ரீசார்ஜ். மாதம் 40 ஆயிரம் என்று கூட்டியிருந்தார். “அண்ணே, வேலைய விட்டுட்டு ஒரு ஆறு மாசம் இருந்துட்டு வரலாம்ணே. இங்க இருந்து என்னத்தக் கண்டோம்?” என்றார்.

கூட்டல் சரியாகத்தான் இருந்தது. அந்த வீடியோக்காரர் செலவில் ஒரு ரூபாய்கூடப் பொய் சொல்லியிருக்க மாட்டார். தாளில் இல்லாத வரிகள்தான் சிக்கல். வியட்நாமின் இணைய விசா 90 நாளுக்குத்தான். அதற்குமேல் இருக்க வேண்டுமென்றால் வெளியே போய்ப் புது விசா எடுக்க வேண்டும். அந்த விசாவில் ஒரு நாள்கூட அங்கே கூலிக்கு வேலை செய்யக் கூடாது. ஆறு மாதத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம், விமான டிக்கெட் தனி. வீட்டு வாடகை, அப்பாவின் மருந்து, தங்கச்சியின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் போக அந்தத் தம்பியின் கையில் மாதம் 5 ஆயிரம் மிஞ்சினால் அதிகம். வருடம் 60 ஆயிரம். ஆறு மாத ஹனோய்க்கு நான்கு வருடச் சேமிப்பு. திரும்பி வரும்போது கையில் பணமும் இருக்காது, மில்லில் அந்த நாற்காலியும் இருக்காது. அந்த ஆறு மாதம் தங்கச்சியின் கட்டணத்தை யார் கட்டுவது என்பதற்கும் தாளில் இடமில்லை.

இந்தப் பேச்சு எங்கே பிறந்தது என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, கொடைக்கானலுக்கு அருகே வட்டக்கானல் இருக்கிறது. ‘குட்டி இஸ்ரேல்’ என்றே அதற்குப் பெயர். கட்டாய ராணுவப் பணியை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் வந்து வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்கிவிட்டுப் போகிறார்கள். ஐரோப்பியர்களும் வருகிறார்கள். பெரிய பணக்காரர்கள் கிடையாது. மலிவான அறை, மலிவான சாப்பாடு, பஸ் பயணம். குறைந்த செலவில் நீண்ட பயணம் என்பதற்கு அசல் உதாரணம் அவர்கள்தான். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் அவர்கள் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள்.

இந்தியாவுக்கான இணையச் சுற்றுலா விசாவுக்கு அவர்கள் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் ஒரு புகைப்படத்தையும் பதிவேற்றுகிறார்கள், கட்டணம் கட்டுகிறார்கள், வந்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கு நகலை யாரும் கேட்பதில்லை. அவர்கள் ஊரில் சில மாதம் உணவகத்திலோ கிடங்கிலோ வேலை பார்த்துச் சேர்த்த பணம், இங்கே ரூபாயாக மாறும்போது பெருகிவிடுகிறது. அந்தப் பணமும் தீர்ந்தால் அவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒரு பிரிட்டிஷ் இளைஞர் 35 வயது வரைக்கும் ‘வேலை செய்துகொண்டே விடுமுறை’ என்ற விசாவில் ஆஸ்திரேலியா போகலாம். எண்ணிக்கை வரம்பு இல்லை. மொத்தம் மூன்று வருடம் வரை தங்கலாம். பழத் தோட்டத்தில் பறிக்கலாம், காபிக் கடையில் தட்டு எடுக்கலாம். 2025 ஜூலையிலிருந்து அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 ஆஸ்திரேலிய டாலர். நம் பணத்தில் 1,400 ரூபாய் அளவுக்கு வரும். மூன்று மாதம் தோட்டத்தில் வேலை, அடுத்த மூன்று மாதம் ஆசியப் பயணம் என்று அவர் வாழ்வதற்குத் துணிச்சலோடு அந்த அனுமதியும் உடனிருக்கிறது. உலகம் முழுக்க ‘யாரும் போகலாம்’ என்று எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பாஸ்போர்ட் உள்ளவர்கள். அதை நம் ஆட்கள் அப்படியே எடுத்துத் தமிழில் சொல்கிறார்கள். அனுமதியை விட்டுவிட்டுத் துணிச்சலை மட்டும் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இனி நம் பக்கத்துக் கோப்பைப் பார்ப்போம். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு நாகல் நகரிலிருந்து ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வையுங்கள். முதல் முறையென்றால் கைரேகை வைக்க நேரில் போக வேண்டும். ராத்திரி ரயில் ஏறிச் சென்னையில் இறங்குகிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பல மாத வங்கிக் கணக்கு விவரம், ஒவ்வொரு பக்கத்திலும் வங்கி முத்திரையோடு. வருமான வரிக் கணக்கு. சம்பளச் சீட்டு. போக வர டிக்கெட் பதிவு. தங்கும் விடுதிப் பதிவு, ஒவ்வொரு இரவுக்கும். 30 ஆயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. இவ்வளவுக்கும் மேலே ஒரு கடிதம்: ‘இவர் எங்கள் நிறுவனத்தில் வேலை செய்கிறார், இத்தனை நாள் விடுப்புக் கொடுத்திருக்கிறோம், திரும்பி வந்து வேலையில் சேருவார்’ என்று முதலாளி கையெழுத்திட்டது.

வேலையை விட்டுவிட்டுக் கிளம்பு என்கிறாரே மேடைப் பேச்சாளர், அவர் பேச்சைக் கேட்டவரால் இந்தக் கடிதத்தைக் கொடுக்க முடியாது. கடிதம் இல்லாத ஃபைலைப் பார்த்தால் அதிகாரிக்கு வரும் முதல் சந்தேகம், இந்த ஆள் திரும்பிப் போவாரா என்பதுதான். நிராகரிப்புத் தாளில் அதற்கென்றே ஒரு கட்டம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கணக்கில் இருப்புக் காட்ட வேண்டுமே என்று அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் போடுகிறவர்கள் உண்டு. திடீரென்று விழுந்த தொகையும் சந்தேகத்துக்குத்தான் வழி செய்யும். பிரான்ஸ் போகிறவரிடம் விடுதிப் பதிவு இல்லையென்றால் நாளொன்றுக்கு 120 யூரோ காட்டச் சொல்கிறது அந்த நாட்டு விதி. ஒரு யூரோவை 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு மாதத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். 2024ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கும் மேற்பட்ட ஷெங்கன் விண்ணப்பங்கள் போயின. அவற்றில் 1 லட்சத்து 65 ஆயிரத்துக்கும் மேல் நிராகரிக்கப்பட்டன. அந்த ஆண்டு ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. நிராகரித்தாலும் அது திரும்பி வராது. 22 ஆயிரம் சம்பளக்காரருக்கு அது பன்னிரண்டு நாள் சம்பளத்துக்கும் மேலான தொகை. இதை இழந்தவரிடம் போய் உனக்குத் துணிச்சல் பத்தவில்லை என்று சொல்வது கொடுமை.

‘ஐரோப்பாவை விடுங்கள், இப்போது பல நாடுகள் மடிக்கணினியோடு வந்து தங்கி வேலை பார்க்க விசா கொடுக்கின்றனவே’ என்பார்கள். கொடுக்கின்றன. என்ன கேட்கின்றன என்றும் சொல்ல வேண்டும். போர்ச்சுகல் தன் நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் கேட்கிறது. 2025 கணக்கில் மாதம் 3,480 யூரோ. மூன்றரை லட்சம் ரூபாய். துபாய் மாதம் 3,500 டாலர் கேட்கிறது. பாலித் தீவில் அப்படித் தங்க இந்தோனேசியா கேட்பது ஆண்டுக்கு 60 ஆயிரம் டாலர், அதாவது 50 லட்சத்துக்கும் மேல். தாய்லாந்து 2024இல் கொண்டுவந்த ஐந்தாண்டு விசாவுக்கு வங்கியில் 5 லட்சம் பாட் இருக்க வேண்டும். நம் பணத்தில் 13 லட்சத்தைத் தாண்டும். பாலியில் மாதம் 40 ஆயிரத்தில் வாழலாம் என்று சொல்பவர் வாழ்க்கைச் செலவைச் சொல்கிறார். வாசலில் கேட்கும் தொகை அதைப் போலப் பத்து மடங்கு. குறைந்த செலவு நாடுகள் இவை, குறைந்த வருமானக்காரர்களுக்கான நாடுகள் அல்ல. மாதம் நாலு லட்சம் சம்பாதிப்பவர் பாலியில் சிக்கனமாக வாழ்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அவர் தன்னை ஏழைப் பயணி என்று சொல்லிக்கொண்டு நாகல் நகர்ப் பையனுக்கு வழிகாட்ட வருவதைத்தான் மறுக்கிறேன்.

வாதம் இந்த இடத்துக்கு வந்ததும் எல்லோரும் கொச்சி டீக்கடைத் தம்பதியைக் கூப்பிடுவார்கள். ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் நடத்திய கே.ஆர். விஜயனும் மோகனாவும். டீ விற்ற காசில் தினமும் 300 ரூபாய் எடுத்து வைத்து 26 நாடுகள் பார்த்தவர்கள். அவர்கள்மீது எனக்குள்ள மரியாதை பெரிது. 2021 அக்டோபரில் ரஷ்யா போய் வந்தார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார். அதைப் படித்த அன்று சொந்தக்காரர் ஒருவர் போனது போல இருந்தது. ஆனால் அவர்கள் வாழ்க்கை எதற்குச் சாட்சி? பெரும்பாலும் சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு போய்ச் சில நாளில் திரும்பியவர்கள். சேமிப்பு போதாதபோது வங்கியில் கடன் வாங்கி, கடையில் நின்று, வருடக்கணக்கில் அடைத்து, அடைத்து முடித்தபின் அடுத்த பயணம். கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடவில்லை. கடைதான் அவர்களுடைய விசாவுக்கும் கடனுக்கும் பிணை. வேலையை விடு என்பதற்கு நேர் எதிரான பாடத்தை வாழ்ந்து காட்டியவர்களை, வேலையை விடச் சொல்பவர்கள் சாட்சிக்கு அழைப்பது நியாயமில்லை. ஒரு நாட்டைச் சில நாள் பார்ப்பதற்கும் அங்கே வாழ்வதற்கும் நடுவே உள்ள தூரம், நம் ஊர் வருமானத்தில் மிக நீளமானது.

இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் ஏ.கே. செட்டியாரைச் சொல்வார்கள். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்றே பெயர் பெற்றவர். கோட்டையூரில் பிறந்து, இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்தி, டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்து, நாடு நாடாய் அலைந்து காந்தி ஆவணப் படத்தை எடுத்து 1940இல் வெளியிட்டவர். அவருடைய துணிவையும் உழைப்பையும் யார் குறைத்துப் பேச முடியும்? ஆனால் 1937 ஏப்ரல் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஒரு தமிழர் அங்கே போய் வேலை செய்ய யாரிடமும் விசா கேட்க வேண்டியிருக்கவில்லை. அங்கே தமிழ்ச் சமூகமும் தமிழ் அச்சகமும் சம்பளமும் இருந்தன. அவர் வேலை செய்து வாழ்ந்த வெளிநாடு அது. பிரிட்டனே 1986 வரை இந்தியச் சுற்றுலாப் பயணிகளிடம் முன்கூட்டி விசா கேட்கவில்லை. கதவு திறந்திருந்த காலத்தின் கதைகளைக் கதவு அடைத்த காலத்துப் பிள்ளைகளிடம் சொல்லும்போது, கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நாகல் நகருக்கே இது பொருந்தும். இங்கே குடியிருக்கும் சௌராஷ்டிர மக்களின் முன்னோர் குஜராத்திலிருந்து கிளம்பிப் பல தலைமுறைகளாக ஊர் ஊராய்த் தங்கித் தறி போட்டு, நெய்து விற்று, தெற்கே வந்து சேர்ந்தவர்கள். போன இடமெல்லாம் தொழில் செய்ய முடிந்தது, அதனால் வாழ முடிந்தது. கையில் தொழிலும் அதைச் செய்யும் உரிமையும் இருந்தால் ஏழையும் எவ்வளவு தூரமும் போவார். இதற்கு இந்தத் தெருக்களைவிடச் சான்று வேண்டாம்.

துணிச்சல் விஷயத்துக்கு வருகிறேன். என்னை மிகவும் புண்படுத்துவது இதுதான். பேகம்பூரிலும் நாகல் நகரிலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு விசாரியுங்கள். சவுதியிலும் குவைத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர்கள், இருக்கிறவர்கள் எத்தனை பேர்! தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர், பூட்டுப் பட்டறையில் ராவியவர், மில்லில் ஷிப்ட் பார்த்தவர். ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கி, மொழி தெரியாத ஊரில் இறங்கி, ஓர் அறையில் எட்டுப் பேராய்ப் படுத்து, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வெக்கேஷனில் வந்து, பிள்ளை தன்னை அடையாளம் தெரியாமல் அம்மாவின் பின்னால் ஒளிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறவர்கள். இக்காமா என்கிற தங்கும் அனுமதி முதலாளி கையில். அவர் சம்மதமில்லாமல் வேலை மாறுவதும் எக்ஸிட் அடித்து ஊர் வருவதும் பெரும்பாடு. இவர்களும் குறைந்த வருமானத்தில் வெளிநாட்டில் நீண்டகாலம் வாழ்பவர்கள்தானே? பயணக் கட்டுரைகளில் இவர்கள் ஏன் வருவதில்லை? பத்து வருடம் ரியாத்தில் இருந்த ஓர் அண்ணனிடம் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். “ரூமு, கம்பெனி பஸ்ஸு, சைட்டு. வெள்ளிக்கிழமை தொழுகை, பத்தா மார்க்கெட்டு. வேற எங்கப்பா போறது?” என்றார். நமக்கு வேலை செய்ய விசா கொடுத்தால் சுற்ற விடுவதில்லை, சுற்ற விசா கொடுத்தால் வேலை செய்ய விடுவதில்லை. இரண்டையும் ஒரே விசாவில் வைத்திருப்பவர் வட்டக்கானலில் உட்கார்ந்திருக்கிறார்.

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் தோட்டனூத்து இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் 2022 செப்டம்பரில் 321 புது வீடுகளைத் தமிழக அரசு திறந்து கொடுத்தது. நல்ல வீடுகள், கொடுத்ததை மனமாரப் பாராட்டுகிறேன். அங்கிருப்பவர்களும் கூலி வருமானத்தில் வெளிநாட்டில் பல பத்தாண்டு வாழ்கிறவர்கள்தான், அந்த வெளிநாடு நம் ஊர். இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாதவர்கள் அவர்களில் உண்டு. துணிச்சலும் மன உறுதியும்தான் ஒருவருடைய நடமாட்டத்தை முடிவு செய்யும் என்று நம்புகிறவர்கள் ஒரு நாள் அங்கே போய் அந்த வாசகத்தைச் சொல்லிப் பார்க்கட்டும். காகிதம்தான் முடிவு செய்கிறது என்று அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும்.

இந்தப் பேச்சு வெறும் தவறான கருத்தாக இருந்தால் விட்டுவிட்டுப் போகலாம். இதனால் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். ‘தங்கும் விடுதியில் வேலை செய்தால் படுக்கை இலவசம், ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தால் கைச்செலவுக்கு ஆகும்’ என்று வீடியோக்களில் போகிற போக்கில் சொல்கிறார்கள். சுற்றுலா விசாவில் அது சட்டவிரோதம். பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல், பாஸ்போர்ட்டில் முத்திரை. அடுத்த நாட்டு விசாவுக்கும் அது குறுக்கே நிற்கும். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. விசா இல்லாமலே தாய்லாந்து போகலாம் என்பதைப் பயன்படுத்தி, கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிப் பாங்காக் வரவழைத்து, எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோய் அடைத்து, இணைய மோசடி வேலை செய்ய வைக்கும் கும்பல்கள் இருக்கின்றன. 2025 மார்ச்சில் இந்திய விமானப் படை இரண்டு விமானங்களில் 549 இந்தியர்களை அங்கிருந்து மீட்டுக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இந்த வலையில் பல தடவை சிக்கியிருக்கிறார்கள். ‘டூரிஸ்ட் விசாவில் போ, போய் வேலை தேடிக்கொள்ளலாம்’ என்று பழக்கப்பட்ட காதில்தான் அந்த ஏஜெண்டின் வார்த்தை சுலபமாக இறங்கும். துணிச்சல் பேச்சாளர் அந்தக் கும்பலின் ஆள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளத்தை மூடி மண் போட்டுப் பாதை என்று காட்டுகிறவருக்கும் பொறுப்பு உண்டு.

‘அப்படியானால் எங்கள் பிள்ளைகள் எங்கேயுமே போகக் கூடாதா, திண்டுக்கல்லிலேயே கிடக்க வேண்டுமா?’ என்று கோபமாகக் கேட்பார்கள். போக வேண்டும். போய் வாழ்ந்து, பார்த்து, திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்படுவதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ‘வசதியுள்ளவன் சமாசாரம், நமக்கெதற்கு’ என்று பிள்ளையின் வாயை அடைக்கும் பெரியவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. அனுமதி உள்ள வழிகளைத் தேடிச் சொல்லுங்கள் என்கிறேன்.

நேபாளம் ஒன்று. 1950ஆம் ஆண்டின் இந்திய–நேபாள நட்பு ஒப்பந்தம், அதன் 7ஆவது பிரிவில், ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் குடியிருக்கவும் தொழில் வணிகம் செய்யவும் வழி வைத்திருக்கிறது. விசா கிடையாது. வாக்காளர் அட்டையோடு எல்லை தாண்டலாம். நம் 1 ரூபாய்க்கு அவர்களுடைய 1 ரூபாய் 60 பைசா என்று 1993 முதல் மாறாமல் இருக்கிறது. லட்சக்கணக்கான சாதாரண மக்கள் இரு பக்கமும் போய் வேலை செய்து வாழ்கிறார்கள். அவர்களில் யாரும் துணிச்சல் பற்றி வீடியோ பார்த்துவிட்டுப் போனவர்கள் இல்லை. கதவு திறந்திருக்கிறது, போகிறார்கள். மாதம் 25 ஆயிரம் சம்பாதிக்கும் தமிழ்ப் பிள்ளை ஒரு வருடம் வேறு நாட்டில் இருந்து பார்க்க விரும்பினால் காத்மாண்டுதான் இன்று நேர்மையான பதில். நம் பயண எழுத்தாளர்கள் அதை இமயமலை ஏறப் போகும் வழியாக மட்டுமே எழுதுகிறார்கள்.

பிரிட்டனுக்கு ஒரு வழி உண்டு. 2023இல் தொடங்கிய இளம் தொழில்முறையாளர் திட்டம். 18 முதல் 30 வயதுக்குள் உள்ள, பட்டம் பெற்ற இந்தியர் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். விழுந்தால் இரண்டு வருடம் அங்கே தங்கி வேலை செய்யலாம், ஸ்பான்சர் தேவையில்லை. சேமிப்பாக 2,530 பவுண்ட் காட்ட வேண்டும். விசாக் கட்டணம், இரண்டு வருட மருத்துவக் கட்டணம் எல்லாம் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்குக் கிட்டே வரும். சின்னத் தொகை அல்ல. ஆனால் அந்தச் சேமிப்பு நம்முடைய பணமாகவே கையில் இருக்கும். அங்கே 2025 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட் என்று ஆனது. வேலை கிடைத்தவர் சில மாதத்தில் கடனை அடைத்துவிட்டு மீதி நாளில் ஊர் பார்க்கலாம். இங்கே கடன் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. ஹனோய்க் கடனில் இல்லை.

ஆஸ்திரேலியாவும் வணிக ஒப்பந்தத்தின் பயனாக 2024இல் இந்தியர்களுக்கு அந்த ‘வேலையும் விடுமுறையும்’ விசாவைத் திறந்தது. பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர்தான். இதுவும் குலுக்கல்தான். ஆண்டுக்கு எத்தனை இடம்? ஆயிரம். அந்த அக்டோபரில் பதிவு தொடங்கிய இரண்டே வாரத்தில் விண்ணப்பித்த இந்தியர்கள் 40 ஆயிரம் பேர். இளைஞர்களுக்குத் துணிச்சல் இல்லை என்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 40 பேர் கதவைத் தட்டுகிறார்கள், ஒருவரை உள்ளே விடுகிறார்கள். வெளியே நிற்கும் 39 பேரும் கோழைகளா? பிரிட்டனின் ஒதுக்கீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 140 கோடி இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 3 ஆயிரம் இடம். மூன்று கோடியைக்கூட எட்டாத ஆஸ்திரேலியாவின் இளைஞர்களுக்கு, இதே மாதிரித் திட்டத்தில், 40 ஆயிரத்துக்கும் மேல்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே போகும் மாணவர் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் பூட்டிக் காட்ட வேண்டும். 12 லட்சத்தை நெருங்கும். கல்விக் கடன் இல்லாமல் சாதாரணக் குடும்பத்தால் ஆகாது. ஆனால் படிக்கும்போதே பகுதி நேரம் வேலை செய்ய அந்த விசா அனுமதிக்கிறது. நான் சொன்ன விதி இங்கேயும் நிற்கிறது: வேலை செய்யும் அனுமதி இருக்கும் இடத்தில்தான் நம் வருமானக்காரரின் கணக்கு நேராகிறது.

ஆகவே இது தனி மனிதரின் மன உறுதியை அளக்கும் விஷயம் கிடையாது. நாடுகளுக்கு நடுவே கையெழுத்தாகும் ஒப்பந்தங்களின் விஷயம். இந்திய அரசு வணிக ஒப்பந்தப் பேச்சுக்கு உட்காரும் ஒவ்வொரு மேசையிலும் இளைஞர்களின் வேலை–பயண விசாவுக்கு இத்தனை இடம் வேண்டும் என்று கேட்க வேண்டும், ஆயிரத்தோடு திருப்திப்பட்டு எழக் கூடாது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதைப் பற்றிக் கேள்வி எழுப்ப வேண்டும். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறை ஆண்டுதோறும் ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது. போய்ச் சேர்ந்தவர்களைக் கௌரவிக்கிறது. போக நினைக்கும் பிள்ளைக்கு எந்த விசாவில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று கல்லூரி வாசலில் சொல்லிக் கொடுப்பதையும் அது பெரிய அளவில் எடுத்துச் செய்ய வேண்டும். காந்திகிராமம் முதல் ஜி.டி.என். கல்லூரி வரை எங்கள் பக்கத்தில் பட்டம் வாங்கி வெளியேறும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்தக் குலுக்கல் இருப்பதே தெரியாது. விழா மேடைக்குத் துணிச்சல் பேச்சாளரை அழைப்பதற்குப் பதில், இந்த விண்ணப்பத்தை ஒரு தடவை பூர்த்தி செய்து அனுபவமுள்ள ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள்.

பயண வீடியோ எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்களின் அழகைக் காட்டுங்கள், செலவையும் சொல்லுங்கள். கூடவே நீங்கள் எந்த விசாவில் போனீர்கள், அதற்கு வங்கியில் எவ்வளவு காட்டினீர்கள், நீங்கள் வெளியே இருந்த மாதங்களில் உங்கள் வீடு யார் வருமானத்தில் ஓடியது என்பதையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பிறகு துணிச்சலைப் பற்றிப் பேசுங்கள். நானும் உட்கார்ந்து கேட்கிறேன்.

டீக்கடையில் தாளை நீட்டிய தம்பிக்கு வயது 26, பி.காம். முடித்தவர். அவரையும் அவரைப் போன்றவர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: வேலையை விடாதீர்கள், பாஸ்போர்ட்டை எடுத்து வையுங்கள், ஆங்கிலத்தைச் சரி செய்துகொள்ளுங்கள், குலுக்கல் அறிவிப்பு வரும்போது தவறாமல் பெயர் கொடுங்கள். பிரிட்டன் குலுக்கலில் பெயர் பதியக் கட்டணம் கிடையாது. 30 வயது முடியும்வரை ஒவ்வொரு தடவையும் பதியலாம்.